செனகல் கிளப்புகள் ஏன் ஜெயிக்கல? – கடிதமும் பதிலும்

சார் வணக்கம்,

உங்க ஃபுட்பால் கட்டுரைகளை விடாம படிக்கிறவன் நான். ஆஃபீஸ்ல ஒரு நண்பரோட பேச்சு வந்தது, செனகல் எவ்ளோ பெரிய டீம்னு நான் சொல்ல, அவர் நேஷனல் டீமை விடு, கிளப் ஃபுட்பால்ல செனகல் ஒண்ணுமே இல்லன்னு அடிச்சு சொல்லிட்டார். நான் போய் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சவங்க பட்டியல் முழுக்க தேடினேன். எகிப்து, துனிசியா, மொரோக்கோ இருக்கு, சரி. கானா, கேமரூன், ஐவரி கோஸ்ட், பக்கத்து கினி கூட இருக்கு. செனகல் ஒரு தடவை கூட இல்ல. 2002 உலகக்கோப்பைல குவார்ட்டர் ஃபைனல் வரைக்கும் போன நாடு, 2022-ல ஆப்பிரிக்க நேஷன்ஸ் கப் ஜெயிச்ச நாடு, சாடியோ மானே மாதிரி ஒரு ஸ்டார் பொறந்த நாடு, அதுக்கு எப்படி ஒரு கோப்பை கூட இல்லாம போச்சு? ழான் தார்க்னு ஒரு டீம் பேரு மட்டும் பழைய செமி ஃபைனல் லிஸ்ட்ல ஒரு இடத்துல பாத்தேன். அது என்ன டீம்? இனிமேலாவது ஒரு செனகல் கிளப் ஜெயிக்க வாய்ப்பு இருக்கா? நேரம் இருந்தா எழுதுங்க.

அன்புடன்,
கார்த்தி

*

கார்த்தி,

நீங்க தேடினது சரிதான். 1964-ல ஆரம்பிச்ச போட்டி, 1997-ல சாம்பியன்ஸ் லீக்னு பேர் மாறினது, இத்தனை வருஷத்துல ஒரு செனகல் கிளப் கூட அதை தூக்கல. அதுக்கு அடுத்த லெவல் போட்டிகளும் அப்படியேதான், கப் வின்னர்ஸ் கப், ஆப்பிரிக்க ஃபுட்பால் சம்மேளனமான காஃப் பேர்லயே நடந்த காஃப் கப், இப்ப இருக்கற கான்ஃபெடரேஷன் கப், எதுலயும் கோப்பை இல்ல. ஃபைனல் வரைக்கும் போனதே ஒரே ஒரு டீம், அதுதான் நீங்க கேட்ட ழான் தார்க். உங்க நண்பர் சொன்ன தகவல் சரி, ஆனா அவர் அதுலருந்து எடுத்த முடிவை நான் ஒத்துக்க மாட்டேன், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல ழான் தார்க். தலைநகர் டக்காரோட டீம், 1920-கள்ல பிரெஞ்சு ஆட்சி காலத்துல கத்தோலிக்க பாதிரியார்கள் பசங்களுக்காக ஆரம்பிச்ச சங்கத்துலருந்து வந்தது, அதனாலதான் அந்த பிரெஞ்சு புனிதையோட பேரு. ஆனா அது ரொம்ப சீக்கிரமே டக்கார் ஜனங்களோட டீமா மாறிடுச்சு. 1950-களோட ஆரம்பத்துல, செனகல், மாலி, கினி, ஐவரி கோஸ்ட்னு தனித்தனி நாடா ஆகறதுக்கு முன்னாடி, பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுசுக்கும் ஒரு கோப்பை நடக்கும், அதையே ஜெயிச்ச டீம் அது. மெதினா ஏரியாவோட ஜராஃப் இன்னொரு பக்கம், அந்த ரெண்டு டீமும் மோதினா டக்கார் ரெண்டா பிரிஞ்சு நிக்கும். ஜராஃப் இப்ப இருக்கற பேர்ல 1969-ல ரெண்டு பழைய கிளப் சேந்து உருவானது, லீக் டைட்டில் கணக்குல நாட்டுலயே பெரிய கிளப் அதுதான், ஆனா கண்டம் முழுக்க பேரு வாங்கினது ழான் தார்க்.

1998-ல காஃப் கப் ஃபைனலுக்கு போனாங்க. லீக்ல ரெண்டாவது வந்த டீம்களுக்குன்னு இருந்த போட்டி அது, 2003-க்கு அப்புறம் கப் வின்னர்ஸ் கப்போட சேத்து கான்ஃபெடரேஷன் கப்னு ஆக்கிட்டாங்க. ஃபைனல்ல துனிசியாவோட ஸ்ஃபாக்ஸியன் ஜெயிச்சுட்டாங்க. அடுத்த சில வருஷம்தான் அந்த டீமோட உச்சம்னு நான் சொல்வேன், 1999 லீக் டைட்டில், அப்புறம் 2001, 2002, 2003-னு வரிசையா மூணு. அதுக்கு நடுவுல 2002 உலகக்கோப்பை வருது பாருங்க, பிரான்ஸை சியோல்ல 1-0 அடிச்ச அந்த செனகல் ஸ்குவாட்ல 23 பேர்ல கிட்டத்தட்ட எல்லாருமே பிரான்ஸ் கிளப்புல ஆடினவங்க, உள்ளூர் லீக்லருந்து போனது ஒரே ஒரு ஆள், மூணாவது கோல்கீப்பர் கலிது சிசோக்கோ, அவர் ழான் தார்க் கீப்பர். பாப்பா பூபா தியோப் அடிச்ச அந்த கோலை உலகமே பாத்தது, ஆனா அன்னிக்கு பெஞ்ச்ல டக்கார் லீக்கோட ஒரே பிரதிநிதியா உக்காந்திருந்த அந்த மனுஷனை யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கு செனகல் கிளப் ஃபுட்பாலோட மொத்த நிலைமையும் அந்த ஸ்குவாட் லிஸ்ட்லயே இருக்குன்னு தோணும், 23 பேர்ல ஒருத்தர், அவரும் இறங்கி ஆடல.

ரெண்டு வருஷம் கழிச்சு 2004-ல அதே ழான் தார்க் சாம்பியன்ஸ் லீக்ல க்ரூப் ஸ்டேஜை தாண்டி செமி ஃபைனல் போச்சு. நீங்க லிஸ்ட்ல பாத்தது அதுதான். அங்க எத்வால் டு சஹேல், துனிசியாவோட சூஸ் நகரத்து டீம், அவங்ககிட்ட தோத்தாங்க. அந்த எத்வால் ஃபைனல்ல நைஜீரியாவோட என்யிம்பாகிட்ட பெனால்ட்டில தோத்தது. அதாவது அந்த வருஷம் கண்டத்துல கடைசி நாலு டீம்ல ஒண்ணு டக்கார் டீம். வீரர்களுக்கு சம்பளம் ஒழுங்கா கட்டுபடியாகற லீக்கே அன்னிக்கு செனகல்ல கிடையாது, புரொஃபஷனல் லீக்னு ஒண்ணு முறையா ஆரம்பிச்சதே 2009-லதான். முழுநேர ஆட்டக்காரங்க இருக்கற துனிசியா, நைஜீரியா டீம்களோட ஒரு அமெச்சூர் லீக் டீம் செமி ஃபைனல்ல நின்னிருக்கு. இதை ஏன் யாரும் பெருசா பேசலன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

எப்படி முடிஞ்சதுன்னா என் கணிப்பு இது. மூணு வருஷம் வரிசையா சாம்பியன் ஆன டீம்னா அதுல ஒரு முதுகெலும்பு சேந்தே இருந்திருக்கும், ஒருத்தன் ஓடற வழி இன்னொருத்தனுக்கு தெரியும். அன்னிக்கும் பசங்க வெளிநாடு போனாங்க, ஆனா இப்ப மாதிரி பதினெட்டு வயசு ஆனதும் கிளம்பற அளவுக்கு ரூட் போடப்படல. அந்த ரூட் முழுசா போட்டு முடிச்ச அப்புறம் எந்த செனகல் கிளப்பும் 2004 இடத்துக்கு திரும்பி வரல. ழான் தார்க்கே அடுத்த பத்து வருஷத்துக்குள்ள முதல் டிவிஷன்லருந்து கீழ இறங்கிடுச்சு.

அந்த ரூட் பத்திதான் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

ஜெனரேசியோன் ஃபூட்னு டக்காருக்கு வெளிய ஒரு அகாடமி, மாடி தூரேன்னு ஒருத்தர் 2000-ல ஆரம்பிச்சது. 2003-லருந்து பிரான்ஸ்ல இருக்கற மெட்ஸ் கிளப்போட ஒப்பந்தம். இங்க வளர்ற நல்ல பையன் நேரா மெட்ஸ் போவான், மெட்ஸ் இங்க அகாடமிக்கு பணம், வசதி குடுக்கும். சாடியோ மானே அப்படி போனவர், காசமான்ஸ் பக்கம் பம்பாலிங்கற கிராமத்துலருந்து வந்து ஜெனரேசியோன் ஃபூட், 2011-ல மெட்ஸ், 2012-ல சால்ஸ்பர்க், அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பாப்பிஸ் சிசே, தியாஃப்ரா சாக்கோ, இஸ்மாயிலா சார், பாப் மாதர் சார், லமீன் கமாரா எல்லாருமே அதே வழி. இப்ப இதை கவனிங்க, ஜெனரேசியோன் ஃபூட் முதல் லீக் டைட்டில் ஜெயிச்சதே 2017-ல. மானே அங்க இருந்தப்ப அது மேல்மட்ட டீமே இல்ல. ஆப்பிரிக்காவோட சிறந்த வீரர்னு விருது வாங்கினவர் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்ல ஒரு நிமிஷம் கூட ஆடினதில்ல. நாத்து விடறது இந்த மண்ணுல, நடவும் அறுப்பும் வேற யாரோட வயல்லயோ, அப்புறம் ஏன் களத்துல நெல்லு இல்லன்னு இவங்களை கேட்டா என்ன சொல்வாங்க?

இதை நேஷனல் டீம் பக்கமிருந்து பாத்தா இன்னும் தெளிவா தெரியும். 2022 பிப்ரவரி 6, யவுண்டேல நேஷன்ஸ் கப் ஃபைனல், செனகல் – எகிப்து. ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே மானே அடிச்ச பெனால்ட்டியை தடுத்தது கபாஸ்கி, அவர் அன்னிக்கு ஜமாலெக் கீப்பர். எகிப்து டீம்ல சலா மாதிரி சிலரை விட்டா நிறைய பேரு அல் அஹ்லி, ஜமாலெக்னு கெய்ரோ கிளப் ஆளுங்க. எதிர்ல செனகல் லெவன்ல ஒருத்தர் கூட செனகல் லீக்ல ஆடறவர் கிடையாது, கூலிபாலி, எதுவார் மெண்டி ரெண்டு பேரும் பொறந்து வளந்ததே பிரான்ஸ்ல. கடைசில அதே மானே கடைசி பெனால்ட்டியை அடிச்சு கோப்பை செனகலுக்கு வந்தது, அந்த ராத்திரி டக்கார் தூங்கல. ஆனா எகிப்துக்காரன் தன்னோட நேஷனல் டீமை வாராவாரம் கெய்ரோலயே பாக்க முடியும், டக்கார்க்காரன் டிவிலதான் பாக்கணும். ரெண்டு நாட்டோட கிளப் ரெக்கார்டும் ஏன் இப்படி வித்தியாசமா இருக்குன்னு கேட்டீங்கன்னா பாதி பதில் இதுலயே இருக்கு.

சரி அப்ப உள்ளூர்ல மிஞ்சறவங்க மட்டமான ஆளுங்களான்னா அதுவும் இல்ல. சான்னு ஒரு போட்டி இருக்கு, அந்தந்த நாட்டு லீக்ல ஆடறவங்க மட்டும் நேஷனல் டீமா ஆடற ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப். 2023 பிப்ரவரில அல்ஜியர்ஸ்ல அல்ஜீரியாவை அவங்க சொந்த ஜனத்துக்கு முன்னாடி பெனால்ட்டில தோக்கடிச்சு செனகல் அதை ஜெயிச்சது, கோச் பாப் தியாவ். உள்ளூர் லீக் ஆளுங்க கண்டத்துலயே பெஸ்ட்னு நிரூபிச்சாச்சு. அடுத்து என்ன ஆச்சு தெரியுமா, அந்த டீம்ல இருந்த லமீன் கமாரா அதே மாசம் மெட்ஸுக்கு கிளம்பிட்டார், இப்ப மொனாக்கோ. அந்த பையன் மேல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல, வீட்டை தூக்கி நிறுத்தற வாய்ப்பு வந்தா யாரும் போகத்தான் செய்வாங்க, போகவும் வேணும். நான் சொல்ல வர்றது, லீக்கை ஜெயிக்கற டீம் ஒண்ணு, அடுத்த சீசன் ஆப்பிரிக்க போட்டில இறங்கற டீம் வேற ஒண்ணு. ஜெர்ஸி மட்டும்தான் அதே.

காலண்டரும் இதுக்கு எதிராதான் இருக்கு. முன்னாடி ஆப்பிரிக்க கிளப் போட்டிகள் வருஷ ஆரம்பத்துல ஆரம்பிச்சு வருஷ கடைசில முடியும். 2018-19-லருந்து ஐரோப்பா மாதிரி மாத்திட்டாங்க, ஆகஸ்ட், செப்டம்பர்ல முதல் ரவுண்டு. அதுதான் ஐரோப்பால டிரான்ஸ்ஃபர் விண்டோ சூடா இருக்கற நேரம், இங்க லீக் முடிஞ்சு டீம் கலைஞ்சு போயிருக்கற நேரம். செனகல்ல அது மழைக்காலமும் கூட. மழைக்காலம்னா அங்க நவெத்தான், தெருத்தெருவா ஏரியா டீம்கள் மோதற டோர்னமென்ட், லீக் மேட்ச்சுக்கு வராத கூட்டம் அதுக்கு வரும், மேளம், பாட்டு, வெறின்னு சொல்ற அளவுக்கு ஆதரவு. ஜனங்களோட மனசு ஏரியா டீம்ல இருக்கற அதே வாரங்கள்ல நாட்டோட சாம்பியன் கிளப் பாதி காலி கேலரிக்கு முன்னாடி முதல் ரவுண்டு ஆடிட்டு இருக்கும்.

பணம் பத்தியும் ஒரு வார்த்தை. க்ரூப் ஸ்டேஜ் போனாதான் காசு, 2021 வாக்குல சாம்பியன்ஸ் லீக் க்ரூப்ல கடைசி இடம் வந்தாலும் 5,50,000 டாலர் கிடைக்கும். அதுக்கு முன்னாடி ரவுண்டுல தோத்தா ஒண்ணும் கிடையாது, கண்டத்தோட அந்த கோடிக்கு ஃப்ளைட், ஹோட்டல் எல்லாம் கிளப் கையை விட்டு. ஆரம்ப ரவுண்டு டீம்களுக்கு காஃப் 50,000 டாலர் உதவின்னு குடுக்க ஆரம்பிச்சது 2023-லதான். கண்டம் தாண்டி பையனை வித்தா நிச்சயமான காசு, ரெண்டு ரவுண்டு தாண்டினா வந்தாலும் வரும்ங்கற காசு, கிளப் நடத்தறவங்க எதை நம்புவாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மைதானம் இன்னொரு வேதனை. 2017 ஜூலை 15, டக்கார் தெம்பா தியோப் ஸ்டேடியத்துல லீக் கப் ஃபைனல், உவாக்காமும் ஸ்டாத் த ம்பூரும். ரசிகர்களுக்குள்ள கலவரம் ஆகி, போலீஸ் கண்ணீர்ப்புகை போட, கூட்டம் ஒதுங்க போய் ஒரு சுவர் இடிஞ்சு விழுந்து எட்டு பேர் செத்துப்போனாங்க. ஃபுட்பால் பாக்க போன பசங்க. அதோட அந்த ஸ்டேடியம் மூடினாங்க. பெரிய ஸ்டேடியமான செங்கோரும் அப்புறம் ரிப்பேருக்கு போச்சு. அதனால டக்கார் கிளப்புகள் ஆப்பிரிக்க மேட்ச் ஆடணும்னா 70 கிலோமீட்டர் தள்ளி தியெஸ்ல இருக்கற லாட் தியோர் ஸ்டேடியம்தான். தியாம்நியாதியோல 50,000 பேர் உக்கார்ற புது ஸ்டேடியம் 2022 பிப்ரவரில திறந்தாங்க, அதுவரைக்கும் தலைநகரத்து கிளப்புக்கு தலைநகரத்துல வீடு இல்ல.

இவ்ளோத்துக்கும் அப்புறம் இவங்க எப்படி தோத்தாங்கன்னு பாருங்க. உங்க நண்பர்கிட்ட இதை மட்டுமாவது காட்டுங்க.

2019. ஜெனரேசியோன் ஃபூட் – ஜமாலெக், சாம்பியன்ஸ் லீக், க்ரூப் ஸ்டேஜுக்கு முந்தின ரவுண்டு. சொந்த மண்ணுல 2-1 ஜெயிச்சாங்க. எகிப்துல நடக்க வேண்டிய ரிட்டர்ன் மேட்ச்சுல பெரிய குழப்பம், தேதியும் ஊரும் மாறி, செனகல் டீம் அதை ஏத்துக்காம, ஆட்டமே நடக்காம போய், கடைசில காஃப் தலையிட்டு அக்டோபர்ல மறுபடி நடத்த சொன்னாங்க. ஜமாலெக் 1-0. ரெண்டும் சேத்து 2-2, வெளி மைதான கோல் கணக்குல, அதாவது மொத்தம் சமமானா எதிரி மண்ணுல அதிக கோல் அடிச்ச டீமுக்குன்னு இருந்த விதில, ஜமாலெக் உள்ள போச்சு. அந்த ஜமாலெக் அந்த சீசன் ஃபைனல் வரைக்கும் போய் அல் அஹ்லிகிட்டதான் தோத்தது.

2021. ஜராஃப், கான்ஃபெடரேஷன் கப்ல க்ரூப்பை தாண்டி குவார்ட்டர் ஃபைனல், எதிர்ல கேமரூனோட கோட்டன் ஸ்போர். சொந்த மண்ணுல 2-1 ஜெயிச்சாங்க, அங்க 1-0 தோத்தாங்க. மறுபடி 2-2, மறுபடி அதே வெளி கோல் கணக்கு. ரெண்டு வேற டீம், ரெண்டு வேற போட்டி, ஸ்கோர் அச்சு அசலா அதே. சொந்த மண்ணுல வாங்கின அந்த ஒரு கோல் ரெண்டு தடவையும் கழுத்தை பிடிச்சுது. இதை பாத்துட்டு தரம் இல்லாத டீம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

அப்புறம் நான் ரொம்ப ரசிச்ச கதை, டெங்கெத். டக்காருக்கு கிழக்கால ருஃபிஸ்க்னு பழைய துறைமுக ஊர், அந்த ஊரு டீம், 2010-ல ஆரம்பிச்ச கிளப். 2020-ல கோவிட் வந்து லீக் பாதில நின்னப்ப இவங்க முன்னணில இருந்தாங்க, அதனால சாம்பியன்ஸ் லீக் சீட்டு கிடைச்சது, அதுவரைக்கும் ஒரு லீக் டைட்டில் கூட ஜெயிக்காத டீம். எதிர்ல வந்தது ரஜா காசபிளாங்கா. மூணு தடவை ஆப்பிரிக்க சாம்பியன், மொரோக்கோ லீக் சாம்பியன், அதுக்கு முந்தின சாம்பியன்ஸ் லீக்ல செமி ஃபைனல் ஆடின டீம். தியெஸ்ல முதல் மேட்ச் 0-0. எல்லாரும் சரி, காசபிளாங்கால கதை முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. 2021 ஜனவரி 5, அங்கயும் 0-0. கோவிட்னால கேலரி காலி, ரஜா ரசிகர்களோட அந்த பிரசித்தமான சத்தம் இல்லாத ராத்திரி. பெனால்ட்டிக்கு போச்சு, ரஜாவால ஒண்ணே ஒண்ணுதான் உள்ள போட முடிஞ்சுது, டெங்கெத் 3-1. ரெண்டு மேட்ச்சும் சேத்து 180 நிமிஷம் ரஜாவை கோல் அடிக்க விடாம, பெனால்ட்டிலயும் ஒண்ணுக்கு மேல விடாம வெளிய அனுப்பினாங்க. கோச் யூசுஃப் தாபோ. கேலரி காலியா இருந்தது உதவியிருக்கும்னு சொல்றவங்க இருக்காங்க, இருக்கலாம், ஆனா ஸ்பாட்ல பந்தை வெச்சு அடிக்க போறவனோட காலுக்கு கேலரி காலியா இருந்தா மட்டும் பயம் போயிடாது.

வெளிய போன ரஜா என்ன ஆச்சுன்னா கான்ஃபெடரேஷன் கப்புக்கு இறங்கி வந்து அதையே ஜெயிச்சுட்டாங்க, ஜூலைல கோட்டோனூல அல்ஜீரியாவோட ஜே.எஸ். கபிலியை 2-1 தோக்கடிச்சு. செமி ஃபைனல்ல அந்த கபிலிகிட்ட தோத்தது யாருன்னா, ஜராஃபை வெளி கோல்ல தாண்டின அதே கோட்டன் ஸ்போர்.

டெங்கெத்துக்கு அதுக்கு மேல தாங்கல. 2004 ழான் தார்க்குக்கு அப்புறம் க்ரூப் ஸ்டேஜ் போன முதல் செனகல் டீம், க்ரூப்ல எஸ்பெரான்ஸ், ஜமாலெக், எம்.சி. அல்ஜே, மூணுமே வட ஆப்பிரிக்க பெரிய டீம். ஜமாலெக்கோட 0-0 டிரா, எஸ்பெரான்ஸை ஒரு மேட்ச்ல 2-1 ஜெயிச்சாங்க, அல்ஜேகிட்ட ரெண்டுலயும் 1-0 தோல்வி, கடைசில கெய்ரோல ஜமாலெக் 4-1 அடிச்சது. நாலு பாயிண்ட், கடைசி இடம். டேபிளை மட்டும் பாத்தா நாலாவது டீம்னு தெரியும், அவ்ளோதான். ஆனா அந்த வருஷம் க்ரூப்ல முதல் இடம் வந்த எஸ்பெரான்ஸ் மொத்தம் தோத்ததே ஒரே ஒரு க்ரூப் மேட்ச், அது இந்த ருஃபிஸ்க் டீம்கிட்ட.

அதனால கார்த்தி, உங்க நண்பர் சொன்னதுல தப்பு எங்கன்னா, அவர் தோல்வியை எண்ணினார், யார்கிட்ட எவ்ளோ வித்தியாசத்துலன்னு பாக்கல. ஒரு கோல், ஒரு வெளி கோல், ஒரு பெனால்ட்டின்னு அந்த அளவுக்கு நெருக்கத்துல, பாதி டீமை வித்துட்டு, சொந்த ஊர்ல மைதானம் இல்லாம ஆடின டீம்கள் இது. அதே சமயம் உங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும், அகாடமி ரூட்டை புகழ்ந்து எழுதறவங்க சொல்ற மாதிரி இது எல்லாருக்கும் லாபம்ங்கறதை நான் நம்பல. நேஷனல் டீமுக்கு லாபம், அந்த பையன் குடும்பத்துக்கு லாபம், மெட்ஸுக்கு பெரிய லாபம். டக்கார்ல டிக்கெட் வாங்கி கேலரில உக்கார்ற ஆளுக்கு இதுல என்ன கிடைச்சுது? அவருக்கு பிடிச்ச ஆட்டக்காரனை ஒரு சீசனுக்கு மேல அவர் பாக்க முடியறதில்ல. ழான் தார்க் ரசிகனா 2004-ல இருந்தவருக்கு கிடைச்சது இப்ப இருக்கற ரசிகனுக்கு கிடைக்கல, அது இழப்புதான், அதை இழப்புன்னே சொல்லணும்.

கடைசி கேள்வி, இனிமே ஜெயிப்பாங்களா. சாம்பியன்ஸ் லீக் கஷ்டம், அல் அஹ்லி, எஸ்பெரான்ஸ், சன்டவுன்ஸ் மாதிரி டீம்களோட பட்ஜெட்டுக்கு பக்கத்துல கூட போக முடியாது, கிட்டத்துல நடக்கும்னு நான் நினைக்கல. கான்ஃபெடரேஷன் கப் வேற விஷயம். அங்க நாக் அவுட்ல ரெண்டு நல்ல ராத்திரி போதும், செனகல் டீம்கள் டிஃபென்ஸ்ல எப்பவுமே இறுக்கமாதான் ஆடறாங்க, 2024-25-லயும் ஜராஃப் அதுல க்ரூப் ஸ்டேஜ் வரைக்கும் வந்துச்சு. அகாடமி டீம்களை விட ஜராஃப் மேலதான் எனக்கு நம்பிக்கை, ஏன்னா அவங்க பையனை விக்கறதுக்காகவே ஆரம்பிச்ச கிளப் இல்ல, பின்னாடி ஒரு ஏரியாவே நிக்குது, மெதினா ஜனங்களுக்கு கோப்பை வேணும். இருபத்தி நாலு, இருபத்தஞ்சு வயசு ஆன, ஐரோப்பா சான்ஸ் தாண்டிப்போன நல்ல ஆட்டக்காரங்க பத்து பேரை ரெண்டு சீசனுக்கு ஒழுங்கா சம்பளம் குடுத்து பிடிச்சு வெச்சாங்கன்னா செமி ஃபைனல் வரைக்கும் நான் தைரியமா சொல்வேன். அடுத்த சீசன் ஆகஸ்ட்ல டிரா வரும்போது ஜராஃப் பேரு இருந்தா மேட்ச் தேதியை குறிச்சு வெச்சுக்கோங்க, சில மேட்ச்சு ஆன்லைன்ல நேரடியா வரும், உங்க நண்பரையும் கூட உக்கார வெச்சு பாருங்க.